காவல்காரர் லீவில் போயிருந்தார்!

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஃபயர்வால் நல்லது? கடைக்குக் கிளம்புமுன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

மத்தியானம் மூன்று மணி. சமையற்கட்டு வேலை ஒரு வழியாக ஓய்ந்து, அத்தை ஊஞ்சலில் சாய்ந்திருந்தார். சின்னவன் பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மறுநாள் செய்ய வேண்டிய முறுக்குக்கு மாவு அளவு பார்க்கலாமே என்று ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஏதோ ஒரு படத்தின் மேல் கிளிக் செய்தேனோ இல்லையோ, திரை முழுக்க ஒரே சிவப்பு! ‘ஊ... ஊ...’ என்று ஆம்புலன்ஸ் மாதிரி சத்தம் வேறு. “உங்கள் ஃபயர்வால் உடைக்கப்பட்டுவிட்டது. உங்கள் பாங்க் கணக்கும் போட்டோக்களும் திருடு போய்க் கொண்டிருக்கின்றன. கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள். உடனே கீழே உள்ள எண்ணுக்குப் பேசுங்கள்” என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் மின்னியது.

எனக்குக் கை கால் வெலவெலத்துப் போயிற்று. அந்தக் கம்ப்யூட்டரில் என்னதான் இல்லை? இவர் பாங்க் கணக்குப் பார்ப்பது அதில்தான். பெரியவளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வைத்திருந்த பணம் அந்தக் கணக்கில்தான் இருந்தது. சின்னவன் பிறந்த அன்றைக்கு எடுத்த படம், காலமாகிவிட்ட என் மாமனார் அவனை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிற ஒரே படம், எல்லாம் அதற்குள்.

போனை எடுத்து நாலு எண்ணைத் தட்டியும் விட்டேன். சத்தம் கேட்டு அத்தை எழுந்து வந்தார். “என்னம்மா இது, காதைக் கிழிக்குது?” என்றவர், சுவரில் இருந்த சுவிட்சைப் பட்டென்று அணைத்தார். கப்சிப்!

“ஐயோ அத்தை! அணைக்காதீங்கன்னு போட்டிருந்ததே!”

“அதனாலதான் அணைச்சேன். ராத்திரி வீட்டுக்குள்ள நுழையறவன் ‘விளக்கைப் போடாதே’ன்னு சொல்லுவான். நீ கேட்டுக்கிட்டு சும்மா இருப்பியா?”

கம்ப்யூட்டரைத் தொட்டே அறியாத எழுபத்தாறு வயசு அத்தை சொன்ன இந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய உண்மை என்பது எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் புரிந்தது.

கடையில் நின்ற கோலம்

சாயங்காலம் இவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். “ஞாயித்துக்கிழமை போய் நல்ல ஃபயர்வாலா ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம்” என்றார். போனோம். கடைக்காரர் பளபளவென்று நாலைந்து அட்டைப் பெட்டிகளை எடுத்துப் பரப்பினார். ஒன்றில் ‘ஸ்மார்ட் ஃபயர்வால்’ என்று போட்டிருந்தது. இன்னொன்றில் ‘டோட்டல்’. மற்றொன்றில் ‘அல்டிமேட்’. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு விலை, மூன்றுக்கு ஒரு விலை, ஓராண்டுக்கு ஒன்று, மூன்று ஆண்டுக்கு ஒன்று... புடவைக் கடையில்கூட நான் இப்படிக் குழம்பியதில்லை. புடவையானால் விரித்துப் பார்க்கலாம், முந்தானையைத் தொட்டுப் பார்க்கலாம். இதை எப்படிப் பார்ப்பது?

“ஏங்க, எதுக்கும் அண்ணன் பையனை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கலாமே?” என்று இவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் அண்ணன் மகன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க் வேலையைக் கவனித்துக் கொள்கிறவன். அடுத்த வாரம் வருவதாக இருந்தான். வந்ததும், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அவன் கேட்ட முதல் கேள்வி இது:

“அத்தை, புதுசு வாங்கறது இருக்கட்டும். ஏற்கெனவே இருக்கறது வேலை செய்யுதான்னு பார்த்தீங்களா?”

“ஏற்கெனவே இருக்கா? நாங்க எதுவும் வாங்கலையேடா!”

“கம்ப்யூட்டரோடவே வந்திருக்கும் அத்தை. காசு தனியா இல்லை.”

உட்கார்ந்து பார்த்தான். முகம் மாறிற்று. ஆமாம், ஃபயர்வால் இருந்தது. ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது! மூன்று இடத்திலும் சிவப்பு அடையாளம். யார் அணைத்தது? நான் இல்லை. இவர் இல்லை. அத்தை சுவிட்சைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். மெதுவாகச் சின்னவன் பக்கம் திரும்பினேன். அவன் கண்கள் தரையைப் பார்த்தன.

சிநேகிதனோடு சேர்ந்து விளையாடுகிற ஏதோ ஒரு கேம் சரியாக ஓடவில்லையாம். ‘ஃபயர்வாலை அணைத்துவிட்டு ஆடுங்கள்’ என்று யாரோ ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்களாம். அணைத்தவன் திரும்பப் போட மறந்துவிட்டான். ஆகப் பல மாதங்களாக எங்கள் வீட்டு வாசல் காவல்காரர் லீவில் போயிருக்கிறார்! நாங்களோ அது தெரியாமல் இன்னொரு காவல்காரரைச் சம்பளம் கொடுத்து வைக்கக் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறோம்.

ஃபயர்வால் என்றால் என்ன?

கட்டடங்களில் ஒரு பகுதியில் பிடித்த தீ அடுத்த பகுதிக்குப் பரவாமல் இருக்க நடுவே கனமாக ஒரு சுவர் எழுப்புவார்கள். அந்தச் சுவருக்குத்தான் முதலில் இந்தப் பெயர். அதையே கம்ப்யூட்டருக்கும் வைத்துவிட்டார்கள். ஆனால் நாம் புரிந்துகொள்ள, ஃபிளாட் வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற காவல்காரரை நினைத்துக்கொள்வது சுலபம்.

இன்டர்நெட்டோடு சேர்ந்த ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ‘போர்ட்’ என்று சொல்லப்படும் வாசல்கள் உண்டு. ஒன்றல்ல, இரண்டல்ல, எண்கள் 65,535 வரை போகும்! எல்லாம் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள். நாம் பார்க்கும் பக்கங்கள் பெரும்பாலும் எதிர்முனைக் கம்ப்யூட்டரின் 443 என்ற வாசல் வழியாக வருகின்றன. கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள விண்டோஸுக்கு 445 என்று ஒரு வாசல்.

காவல்காரர் என்ன செய்கிறார்? நாம் காஸ் சிலிண்டருக்குச் சொல்லியிருந்தால் அதை நோட்டில் குறித்துக்கொள்கிறார். சிலிண்டர் வந்ததும், ‘ஆமாம், இந்த வீட்டில் கேட்டார்கள்’ என்று உள்ளே விடுகிறார். நாம் கூப்பிடாமல் யாராவது வந்து, ‘மூணாவது மாடிக்குப் போகணும்’ என்றால், ‘யார் நீங்க? உங்களை யாரும் வரச் சொல்லலையே’ என்று வாசலோடு திருப்பி அனுப்புகிறார். ஃபயர்வாலின் முக்கியமான வேலை அவ்வளவுதான். நாம் கேட்டதற்கு வருகிற பதிலை உள்ளே விடுவது, கேட்காமல் கதவைத் தட்டுகிறவர்களை நிறுத்துவது.

‘நம்ம வீட்டுக் கம்ப்யூட்டரை யார் வந்து தட்டப் போகிறார்கள்?’ என்று நினைக்காதீர்கள். தட்டுகிறவன் மனிதனே இல்லை, ஒரு புரோகிராம். ராப்பகலாக உலகத்து முகவரிகளையெல்லாம் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகும். திறந்திருக்கிற வீட்டுக்குள் நுழையும். பணக்கார வீடா, ஏழை வீடா என்றெல்லாம் பார்க்காது.

ஒரு பழைய கதை

2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்று ஒரு புழு உலகம் பூராவும் பரவிற்று. அப்போது கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும், 60, 59, 58 என்று எண்ணும், பிறகு கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி கிளம்பும். அவர்கள் எதையும் திறக்கவில்லை, எதன்மேலும் கிளிக் செய்யவில்லை. இன்டர்நெட்டில் சேர்ந்திருந்ததுதான் அவர்கள் செய்த ஒரே குற்றம்!

வேடிக்கை என்னவென்றால், 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஒரு ஃபயர்வால் இருந்தது. ஆனால் அது தானாக ஓடாது, நாமாகத் தேடிப் போய்ப் போட வேண்டும். எத்தனை பேருக்கு அது தெரியும்? பட்ட பிறகுதான் புத்தி வந்தது. 2004 ஆகஸ்டில் வெளியிட்ட ‘சர்வீஸ் பேக் 2’ முதல், விண்டோஸில் ஃபயர்வால் தானாகவே போட்டபடி வர ஆரம்பித்தது. இன்றைக்கும் அப்படித்தான். நாம் அணைக்காதவரை அது காவல் இருக்கும்.

2017 மே மாதம் ‘வான்னக்ரை’ என்ற இன்னொன்று வந்தது. முன்பு சொன்னேனே, 445 என்ற அந்தக் கோப்பு வாசல் வழியாகத்தான் அது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவிற்று. கோப்புகளையெல்லாம் பூட்டிப் போட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் வேலை ஸ்தம்பித்துப் போயிற்று. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஆகக் காவல்காரரும் வேண்டும், கதவில் ஓட்டை இருந்தால் அதை அடைக்கவும் வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

முதலில் உங்கள் வீட்டில் பாருங்கள்

இந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே செய்யலாம். ஐந்து நிமிஷ வேலை.

விண்டோஸ் கம்ப்யூட்டரானால், ஸ்டார்ட்டை அமுக்கி ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தட்டுங்கள். அதில் ‘ஃபயர்வால் அண்டு நெட்வொர்க் புரொடெக்ஷன்’ என்று ஒரு பகுதி இருக்கும். உள்ளே டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்று வரி. மூன்றிலும் பச்சை அடையாளம் இருந்தால் நிம்மதி. சிவப்பாக இருந்தால் உள்ளே போய் ‘ஆன்’ செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் அதோடு நிறுத்தவில்லை. அதே பக்கத்தில் கீழே ‘ரீஸ்டோர் ஃபயர்வால்ஸ் டு டிஃபால்ட்’ என்று ஒன்று இருக்கிறது. இத்தனை நாளாக யார் யாரோ செய்த மாற்றங்களையெல்லாம் துடைத்துவிட்டு ஃபயர்வாலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். அண்ணன் மகன் அதையும் செய்தான். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு புரோகிராம்கள் மறுபடி அனுமதி கேட்டன, அவ்வளவுதான்.

பிரைவேட், பப்ளிக் என்றால் என்ன என்று கேட்பீர்கள். பிரைவேட் என்றால் நம் வீட்டு மனிதர்கள் மத்தியில் இருக்கிற மாதிரி. வீட்டிலுள்ள பிரிண்டர், மற்ற கம்ப்யூட்டர்கள் இதைப் பார்க்க முடியும். பப்ளிக் என்றால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி. யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கி நிற்கும். ஹோட்டல், ரயில் நிலையம், கல்யாண மண்டபம் என்று வெளியிடத்து வைஃபையில் சேர்ந்தால் எப்போதும் பப்ளிக்தான். வீட்டிலும் பிரிண்டரையோ கோப்புகளையோ பல கம்ப்யூட்டர்கள் பகிர்ந்துகொள்ளும் தேவை இல்லையென்றால் பப்ளிக் என்றே விட்டுவிடலாம். ஒரு நஷ்டமும் இல்லை.

ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்கள் அவசியம் ஒரு தடவை பார்க்க வேண்டும். அதிலும் ஃபயர்வால் உண்டு, ஆனால் வாங்கும்போது பெரும்பாலும் அணைந்தே இருக்கும். ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ உள்ளே ‘நெட்வொர்க்’, அதற்குள் ‘ஃபயர்வால்’. பிள்ளைகள் கம்ப்யூட்டரில் உபுண்டு போட்டிருந்தால், அதில் ‘யுஎஃப்டபிள்யூ’ என்ற ஃபயர்வால் இருக்கும். அதையும் நாமாகத்தான் போட வேண்டும். போட்ட பிள்ளையையே கூப்பிட்டுக் கேளுங்கள்!

வாசலில் இன்னொரு காவல்

நம்மில் பலர் மறந்துவிடுவது, மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிற அந்த வைஃபை பெட்டியை. அதுதான் ரவுட்டர். ஃபிளாட் வாசலில் ஒரு காவல், நம் வீட்டுக் கதவில் ஒரு தாழ்ப்பாள் என்கிற மாதிரி, வெளியிலிருந்து கூப்பிடாமல் வருகிறவர்களை அதுவே பெரும்பாலும் தடுத்துவிடும். பல மாதம் ஃபயர்வால் இல்லாமலே எங்கள் கம்ப்யூட்டர் பிழைத்துக் கிடந்ததற்கு இந்தப் பெட்டிதான் காரணமாம்.

ஆனால் அந்தப் பெட்டிக்கே சாவி சரியாக இல்லாவிட்டால்? 2016-ல் ‘மிராய்’ என்று ஒன்று லட்சக்கணக்கான காமிராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து ஆட்டி வைத்தது. எப்படி நுழைந்தது தெரியுமா? தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவே இல்லை! அதனால், பெட்டியைப் போட வருகிறவரிடமே இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. இரண்டு, வெளியிலிருந்து ரவுட்டரைத் திறக்கும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ வசதி தேவையில்லையென்றால் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். புதுப் பாஸ்வேர்டை வீட்டு டைரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டைரியைத் திருட எந்தப் புழுவும் வராது!

சரி, எப்போது வாங்கலாம்?

இவ்வளவும் இருந்தால், சாதாரணக் குடும்பத்துக்குத் தனியாக ஃபயர்வால் வாங்க வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. இதைக் கேட்டதும் இவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

ஒரு வித்தியாசத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸோடு வருகிற ஃபயர்வால், உள்ளே வருகிறவர்களைத்தான் கண்டிப்பாக நிறுத்தும். உள்ளேயிருந்து வெளியே போகிறவர்களை, தனியாகத் தடை சொல்லாதவரை, போகவிடும். மேக்கில் இருப்பதும் உள்ளே வருவதை மட்டும்தான் பார்க்கும். ‘எந்தப் புரோகிராம் வெளியே யாரோடு பேசுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்’ என்று விரும்புகிறவர்களுக்குத் தனி மென்பொருள்கள் இருக்கின்றன. விண்டோஸுக்கு டைனிவால் என்று இலவசமாக ஒன்று. விண்டோஸின் சொந்த ஃபயர்வாலையே இன்னும் கண்டிப்பாக்கி வைக்கும். மேக்குக்கு லூலு இலவசம், லிட்டில் ஸ்னிச் விலைக்கு. வீட்டிலிருந்தே பிறருடைய கணக்கு வழக்குப் பார்க்கிறவர்கள், கம்பெனி வேலை செய்கிறவர்கள் இவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

ஆனால் ஒரு சங்கடம். 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் ஸோன்அலாரம் என்ற ஃபயர்வால் வெகு பிரபலம். வெளியே போகும் ஒவ்வொன்றுக்கும், ‘இதை விடலாமா? இதை விடலாமா?’ என்று கேட்கும். முதல் நாள் எல்லோரும் யோசித்துப் பதில் சொன்னார்கள். நாலாம் நாள், கேள்வியைப் படிக்காமலே ‘சரி, சரி’ என்று அமுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற வீட்டில் காவல் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? அடிக்கடி கேள்வி கேட்கிற மென்பொருளைத் தாங்கிக்கொள்ளும் பொறுமை உங்களுக்கு உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்டிவைரஸ் பாக்கேஜ் வாங்குகிறீர்களா? பலவற்றில் ஃபயர்வாலும் சேர்ந்தே வரும். அதைப் போட்டால் விண்டோஸ் ஃபயர்வால் தானாக வழிவிடும். வாங்குமுன் இவற்றைக் கேளுங்கள்:

முதலாண்டு விலை எவ்வளவு, இரண்டாம் ஆண்டு எவ்வளவு? முதல் வருஷம் மலிவாகக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் முழு விலையையும் கார்டிலிருந்து தானாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

எத்தனை கம்ப்யூட்டருக்கு? போனுக்கும் சேர்த்தா?

பணம் கட்டுவதை நிறுத்திவிட்டால் ஃபயர்வால் என்ன ஆகும்? வேலை செய்யுமா, நின்றுவிடுமா? நின்றால் விண்டோஸினுடையது திரும்ப வந்துவிட்டதா என்று நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொல்கிற பாஷை நமக்குப் புரிகிறதா? ‘இந்தப் புரோகிராம் வெளியே போகப் பார்க்கிறது’ என்று சொன்னால் புரியும். வெறும் எண்களாகக் காட்டினால் நமக்கு எதற்கு?

இரண்டு ஃபயர்வால் மென்பொருளை மட்டும் ஒரே கம்ப்யூட்டரில் ஓட்டாதீர்கள். ஒரு சமையற்கட்டில் இரண்டு பேர் தாளிக்கிற கதைதான். ஒன்றை ஒன்று தடுத்து, கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஆகிவிடும். எதுவானாலும் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

“விடலாமா?” என்று கேட்டால்...

கம்ப்யூட்டர் சில சமயம் திடீரென்று ஒரு பெட்டியைக் காட்டி, ‘இந்தப் புரோகிராமை அனுமதிக்கலாமா?’ என்று கேட்கும். நாம் திணறுவது அங்கேதான். அண்ணன் மகன் எனக்குச் சொல்லிக் கொடுத்த வழி ரொம்பச் சுலபம். “அத்தை, ஒரே கேள்வி கேட்டுக்குங்க. ‘நான் இப்ப எதைத் திறந்தேன்?’”

இப்போதுதான் வீடியோ காலைத் திறந்தீர்கள், அதன் பெயரே பெட்டியில் இருக்கிறது என்றால், பிரைவேட்டுக்கு மட்டும் அனுமதியுங்கள். நீங்கள் எதையும் திறக்கவில்லை, பெயரும் புதுசாக இருக்கிறது என்றால், ‘கேன்சல்’. ஒன்றும் குடி முழுகிப் போகாது. தேவையான புரோகிராமாக இருந்து அது ஓடவில்லையென்றால் பிறகு திறந்து விட்டுக்கொள்ளலாம்.

சின்னவன் கேம் விஷயமும் இதே மாதிரி தீர்ந்தது. ஃபயர்வாலை மொத்தமாக அணைக்க வேண்டியதே இல்லையாம். ‘அலவ் ஆன் ஆப் த்ரூ ஃபயர்வால்’ என்ற இடத்தில் அந்த ஒரு கேமுக்கு மட்டும் அனுமதி கொடுத்தான். ஒரு விருந்தாளிக்காக வாசற்கதவையே கழற்றி வைப்பார்களா என்ன? சின்னவனை நான் திட்டவில்லை. திட்டினால் அடுத்த தடவை சொல்லாமல் செய்வான். “எதை அணைக்கணும்னாலும் என்கிட்ட சொல்லிட்டு அணை, திரும்பப் போட்டியான்னு நான் கேட்பேன்” என்று மட்டும் சொன்னேன்.

காவல்காரரால் ஆகாத காரியம்

இப்போது அந்தச் சிவப்புத் திரைக்கு வருகிறேன். எங்கள் ஃபயர்வால் அணைந்திருந்ததே, அதனால்தான் அது வந்ததா? இல்லவே இல்லை! அது வெறும் ஒரு விளம்பரப் பக்கம். ஃபயர்வால் போட்டிருந்தாலும் வந்திருக்கும். ஏனென்றால் அந்தப் பக்கத்தைத் திறந்தது நான். அதில் சொன்ன ‘உடைந்துவிட்டது’ என்பதும் பொய், ‘திருடு போகிறது’ என்பதும் பொய். என்னைப் போன் செய்ய வைப்பதற்காகப் போட்ட நாடகம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

நான் தப்பித்தேன். பக்கத்துத் தெருவில் இருக்கிற என் தோழி தப்பவில்லை. அதே மாதிரி திரை, அதே மாதிரி நம்பர். பேசினாள். எதிரே பேசியவன் ரொம்ப மரியாதையாக, “மேடம், பயப்படாதீங்க, நான் சரி பண்ணித் தரேன்” என்று சொல்லி, திரையைப் பார்க்க உதவும் ஒரு புரோகிராமைப் போடச் சொன்னான். போட்டாள். ‘ஐந்து ரூபாய் மட்டும் கட்டுங்கள்’ என்று பாங்க் பக்கத்தைத் திறக்கச் சொன்னான். திறந்தாள். ஓடிபியையும் சொன்னாள். சீட்டுப் பணம் 40,000 ரூபாய் போயிற்று. அத்தனை நேரமும் அவள் கம்ப்யூட்டரில் ஃபயர்வால் பச்சையாகத்தான் இருந்தது. ‘வீட்டுக்காரம்மாவே கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிறாரே’ என்று காவல்காரர் வழிவிட்டுவிட்டார். அவர் மேல் என்ன தப்பு?

தோழி ஒரு காரியம் நன்றாகச் செய்தாள். வெட்கப்பட்டுக்கொண்டு மூடி மறைக்காமல், அரை மணி நேரத்துக்குள் 1930-க்குப் போன் செய்தாள். பணமோசடிக்கு என்றே அரசாங்கம் வைத்திருக்கும் எண் அது. பாங்குக்கும் சொன்னாள். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் நிறுத்த முடிந்ததால் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. ‘வீட்டில் தெரிந்தால் திட்டுவார்களே’ என்று ஒரு நாள் பொறுத்திருந்தால் அதுவும் போயிருக்கும். சகோதரிகளே, ஏமாந்தது அவமானமில்லை. சொல்லாமல் இருப்பதுதான் நஷ்டம்.

ஆகவே ஃபயர்வாலோடு துணைக்கு இன்னும் மூன்று வேண்டும். ஒன்று, அப்டேட்டுகளை ஒத்திப் போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் அதையே வைத்திருப்பவர்கள் ஃபயர்வாலுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தை விண்டோஸை மாற்றுவதற்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு, ஆன்டிவைரஸ். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும், அணைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சந்தேகம் வந்தால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் இலவசமாகச் சோதிக்கும் கருவிகள் கிடைக்கின்றன. மூன்று, போட்டோக்களுக்கு ஒரு நகல். மாமனார் படத்தைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, கழற்றி, பீரோவில் நகைப் பெட்டி பக்கத்தில் வைத்துவிட்டேன். இனி எந்தத் திரை சிவந்தாலும் அந்தப் படத்துக்குப் பயமில்லை.

எங்கள் வீட்டில் இப்போது...

ஒவ்வொரு மாதமும் காஸ் அடுப்பின் ரப்பர் குழாயைப் பார்க்கிற அன்றைக்கே ஃபயர்வாலையும் பார்த்துவிடுகிறேன். இரண்டு நிமிஷம். மூன்று பச்சை இருக்கிறதா, சரி. பார்ப்பது நான், பக்கத்தில் நிற்பது சின்னவன். “அம்மா, மூணும் பச்சை!” என்று அவன்தான் கூவுகிறான்.

போன வாரம் அத்தை கேட்டார். “ஏம்மா, அந்தக் காவல்காரனுக்கு என்ன சம்பளம் கொடுக்கறீங்க?”

“ஒண்ணும் இல்லை அத்தை. சும்மாதான் நிக்கறாரு. லீவு மட்டும் கொடுத்துடக் கூடாது!”

பீரோவில் ஒட்டி வைக்க...

• வாங்குமுன் பாருங்கள். விண்டோஸில் மூன்று பச்சை. மேக்கில் ‘ஆன்’.

• வெளியிடத்து வைஃபை என்றால் எப்போதும் பப்ளிக்.

• ரவுட்டரின் பழைய பாஸ்வேர்டை மாற்றியாயிற்றா?

• ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரே ஃபயர்வால் மென்பொருள்.

• எந்தக் கேமுக்காகவும் ஃபயர்வாலை அணைக்காதீர்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

• ‘விடலாமா?’ என்று கேட்டால், ‘நான் இப்போது எதைத் திறந்தேன்?’

• சிவப்புத் திரை வந்தால் போன் செய்யாதீர்கள். எஸ்கேப் பட்டனைச் சற்று நேரம் அமுக்கிப் பிடித்து, பக்கத்தை மூடுங்கள். மூட முடியாவிட்டால் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

• பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. உடனே 1930, உடனே பாங்க்.